56 சைஸ்

2024 நவம்பர் 6, புதன்

பெண் குழந்தை. அதிகாலை 4.10. சுகப்பிரசவம், மூன்று தையல்.

ராத்திரி ஒரு மணிக்கு மாமா போன் செய்தார். "மாப்ள, வலி வந்திருச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்." பைக்கை எடுத்துவிட்டேன். திருப்பூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். மகள் பிறந்த நேரத்தில் நான் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரிகளுக்கு நடுவே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். இதை அவள் காலம் முழுக்கச் சொல்லிக்காட்டப் போகிறாள். அவள் என்றால் மகள் இல்லை, மனைவி.

எடை 2 கிலோ 850 கிராம், நீளம் 49 சென்டிமீட்டர் என்று நர்ஸ் எழுதியிருந்தார். நான் ஏழு வருஷமாகக் குழந்தை உடுப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் க்யூசி, தரம் பார்க்கிற வேலை. ஐரோப்பாவுக்குப் போகிற துணியில் சைஸ் என்பது குழந்தையின் நீளம்தான். பிறந்ததும் 50, ஒன்றிரண்டு மாதத்துக்கு 56, மூன்று மாதம் ஆனால் 62. இப்படி நம்பராகத்தான் எனக்குக் குழந்தைகளைத் தெரியும். உள்ளே ஆள் இருக்கிற 50ஐ இன்றுதான் முதல்முறையாகத் தூக்கினேன். தூக்கினேன் என்பதுகூடப் பொய், அத்தை என் கையில் வைத்துவிட்டுத் தன் கையை எடுக்கவே இல்லை.

சுற்றியிருந்த துணி மாமாவின் பழைய வேட்டி. கிழித்த ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. என் டேபிளுக்கு வந்திருந்தால் ரிஜெக்ட்.

நவம்பர் 8, வெள்ளி

இடது கையில் பிசிஜி, தொடையில் மஞ்சள் காமாலைக்கானது, வாயில் போலியோ சொட்டு, மூன்றும் ஆஸ்பத்திரியிலேயே முடிந்தது.

அம்மாச்சிக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல். மனைவியின் அம்மாச்சி, வயது எண்பதுக்கு மேல் இருக்கும். பிள்ளை நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைக்க நர்ஸ் விடவில்லை. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார். "நான் சீனித்தண்ணி வச்ச பிள்ளைதான் இந்தா கட்டில்ல படுத்துக் கெடக்கு, என்ன ஆயிருச்சாம்?" என்று மனைவியைக் காட்டினார். யாரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் சேனை தொட்டு வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அம்மாச்சியின் பிடிவாதத்தைப் பார்த்தால் வராமலே போகட்டும் என்று தோன்றியது.

நாளைக்குக் கிளம்ப வேண்டும். மத்திய அரசு ஊழியர் என்றால் அப்பாவுக்கும் 15 நாள் லீவு உண்டு. தனியார் கம்பெனியில் அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. இருந்த லீவைத் தீபாவளிக்கே தின்றுவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

ராத்திரி பதினொன்றரைக்குப் போன். அழுகிறாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல் மாதிரி இருக்கிறதாம், குழந்தைக்குப் பிடிக்கத் தெரியவில்லையாம். காலையில் நர்ஸம்மா வீட்டுக்கு வந்து எடை போட்டிருக்கிறார், 2 கிலோ 650. "200 கிராம் கொறைஞ்சிருச்சுங்க. எனக்குப் பால் பத்தலையோ?"

நான் உடனே கணக்குப் போட்டேன். ஏழு சதவீதம். முதல் வாரத்தில் பத்து சதவீதம் வரை குறையலாம், இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்துவிடும் என்று படித்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏங்க, ரிப்போர்ட் வாசிக்காதீங்க. சும்மா லைன்ல இருங்க."

இருந்தேன். அத்தை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற சத்தம், அப்புறம் குழந்தை சப்புகிற சத்தம், மின்விசிறி. ஒன்றரை மணிக்கு யாரோ போனை எடுத்து அணைத்தார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

பை நிறைய சாம்பிள் பீஸ் கொண்டுபோனேன். ஆறு ரோம்பர், மேலும் கீழும் சேர்ந்த ஒரே உடுப்பு, எல்லாம் 56. பிறப்பதற்கு முன்னால் துணி வாங்கி வைக்கக் கூடாது என்று இத்தனை நாள் மேஜை டிராயரிலேயே கிடந்தவை. நல்ல இன்டர்லாக் பின்னல் துணி, தொட்டால் வெண்ணெய். எச்சில் பட்டால் சாயம் போகிறதா என்று செயற்கை எச்சிலில் ஊறவைத்துச் சோதனை செய்த துணி. டிச் பட்டன் பிய்ந்து வருகிறதா என்று மெஷினில் இழுத்துப் பார்த்தாயிற்று. நீடில் டிடெக்டரிலும் ஓடியாயிற்று, அதில் 1.2 மில்லிமீட்டர் இரும்புத் துணுக்கு இருந்தாலும் பெல்ட் நின்றுவிடும். இதையெல்லாம் அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன்.

அத்தை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மாப்ள. இதுல பிள்ளை ஒண்ணுக்குப் போனா எங்கிட்டுத் தெறக்குறது?"

காட்டினேன். கால் நடுவே ஐந்து பட்டன்.

"ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவ போவுது. அஞ்சு பட்டனுக்குப் பதினஞ்சு தடவன்னா?"

எழுபத்தைந்து. பை அலமாரிக்குள் போனது. கொடியில் வேட்டித் துணி வரிசையாக ஆடியது. யோசித்தால் அவர்கள் செய்வதுதான் சரி. நூறு தடவை துவைத்த பருத்தியில் கஞ்சியும் இல்லை, சாயமும் இல்லை. அந்த மென்மையைப் புதுத்துணியில் கொண்டுவரத்தான் நாங்கள் சாஃப்ட்னர் போட்டு மல்லுக்கட்டுகிறோம்.

வசம்பு வளையலில்தான் விட்டுக்கொடுக்கவில்லை. நூலில் கோத்த துண்டை இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. பிள்ளை கையை வாயில் வைக்கிற வயதில் இது தொண்டைக்குள் போகும். "ஏன் பேராண்டி, ஒங்க ஆத்தா ஒங்களுக்குக் கட்டாமலா வளத்துச்சு?" என்றார் அம்மாச்சி. கட்டியிருப்பார்கள். கடைசியில் மனைவி தீர்ப்புச் சொன்னாள். வசம்பு வேண்டாம், சாம்பிராணிப் புகை வேண்டாம், மூக்கிலும் காதிலும் எண்ணெய் வேண்டாம். குளிப்பாட்டுவது மட்டும் அம்மாச்சிதான், அதில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

பார்த்தேன். முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே குப்புறப் போட்டு, வெந்நீரை உள்ளங்கையில் வாங்கி வாங்கி ஊற்றினார். போன் செய்யும்போதெல்லாம் கத்துகிற பிள்ளை ஒரு முனகல்கூட இல்லாமல் கிடந்தது.

நவம்பர் 21, வியாழன்

நாலாவது லைனில் ஊசி உடைந்தது. மூன்று துண்டில் இரண்டு கிடைத்தது. மூன்றாவது துண்டு கிடைத்து, மூன்றையும் ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டும் வரைக்கும் புது ஊசி தரக் கூடாது, அந்தக் கட்டுத் துணியும் வெளியே போகக் கூடாது. முக்கால் மணி நேரம் காந்தத்தை வைத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தேன். முன்பெல்லாம் டெய்லரைத் திட்டிக்கொண்டே தேடுவேன். இன்று திட்டவில்லை, ஷிப்மென்ட் ஞாபகமும் வரவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

முப்பது கழிந்து பெயர் வைத்தோம். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம், ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் இரண்டு வீடும் நிதானமாகச் சண்டை போட்டது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எப்படியும் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இடுப்பில் கறுப்பு அரைஞாண் கட்டினார்கள். குழந்தைத் துணியில் கழுத்துப் பக்கம் தொங்கும் கயிறு இருந்தால் ஐரோப்பாவுக்குள் விட மாட்டார்கள், இடுப்புக் கயிற்றுக்கும் அளவு உண்டு. வாய் வரை வந்தது. மனைவி பார்த்த பார்வையில் முழுங்கிவிட்டேன்.

டிசம்பர் 18, புதன்

42ஆம் நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்தான் தடுப்பூசி நாள் என்பதால் லீவு சொல்லிவிட்டு வந்தேன். மனைவிக்கு ஊசியைப் பார்க்கவே முடியாது, அத்தைக்கும் முடியாது. "மாப்ள, நீங்க புடிங்க."

மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். முதலில் போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு. நாக்கைச் சுழற்றிச் சப்புக்கொட்டினாள். வலது கையில் தோலுக்குள் போலியோ ஊசி போட்டார்கள், முகம் சிவந்தது. இடது தொடையில் ஐந்து நோய்க்கான பெண்டாவேலண்ட். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மூச்சு எங்கேயோ போய் நின்றுகொண்டது. இரண்டு விநாடி இருக்குமா? அப்புறம் வந்தது பாருங்கள் அழுகை, வெளியே உட்கார்ந்திருந்த மனைவியும் சேர்ந்து அழுதாள். வலது தொடையில் நிமோனியாவுக்கானது போடும்போது என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். பிறந்த பிள்ளைக்கு அது தானாக வருகிற பிடி, எதைக் கையில் கொடுத்தாலும் பிடிக்கும். தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பிசிஜி போட்ட இடம் கொப்புளமாக இருக்கிறது. அது அப்படித்தான் பழுத்துக் காயுமாம், கிள்ளவோ மருந்து போடவோ கூடாது.

ராத்திரி காய்ச்சல். டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தைக் கொடுத்தும் கீழே போட்டால் அழுதாள். மனைவி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். நான் என் நெஞ்சில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். சட்டையில் கம்பெனி வாசனை இருக்குமே என்று கழற்றிவிட்டுத் தோளில் ஒரு வேட்டித் துணி போட்டிருந்தேன். மூன்று மணி வாக்கில் அம்மாச்சி எழுந்து வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். வாங்கிக்கொள்ள வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "கழுத்துக்குக் கை குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

2025 ஜனவரி 17, வெள்ளி

பொங்கலுக்கு நான்கு நாள் அங்கே இருந்தேன். எழுத நேரமில்லை. சிரிக்கிறாள், ஆனால் பாதி நேரம் மின்விசிறியைப் பார்த்து.

பிப்ரவரி 2, ஞாயிறு

மூன்றாம் மாதம், தை, கிளம்பலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வாடகைக் கார். ஒட்டன்சத்திரத்தில் பால் கொடுக்க நிறுத்தினோம். "இங்கதான டீ குடிச்சீங்க?" என்றாள். ஆமாம், இங்கேதான்.

டிக்கியில் பாதி இடத்தை ஒரு துணி மூட்டை அடைத்துக்கொண்டது. மாமா தன் வேட்டிகளில் மிச்சமிருந்தவற்றையும் கிழித்துக் கொடுத்துவிட்டார். பொங்கலுக்கு அவருக்கு நான் எடுத்துக் கொடுத்த புது வேட்டி மட்டும் தப்பித்தது. அதுவும் நாலு தடவை துவைக்கட்டும் என்று அத்தை பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

திருப்பூர் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பையைப் பிரித்தேன். இன்றைக்காவது போட்டுப் பார்ப்போம் என்று மஞ்சள் ரோம்பரை எடுத்தேன். கை நுழைந்தது, தலை நுழைந்தது. கால் நடுவே பட்டனை இழுத்துப் பார்த்தேன், எட்டவில்லை. டேப்பை எடுத்து அளந்தேன். 60.

மனைவி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். "ஏழு வருஷ க்யூசி!"

"62 கொண்டு வர்றேன்."

"நீங்க கொண்டு வர்றதுக்குள்ள அதுவும் பத்தாது. ஒம்போது மாசத்துக்கு எது?"

"74."

"அதக் கொண்டாங்க. எடுத்து வைப்போம்."

அதற்குள் மஞ்சள் ரோம்பரின் முதுகு நனைந்துவிட்டது. கழற்றிவிட்டு மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். நூல் பிரிந்து தொங்கிய ஓரத்தை மட்டும் பழக்கதோஷத்தில் வெட்டிவிட்டேன்.