சுத்தப் பக்கத்தில் தூசி

38,400 கிமீ

காரின் ஏர் ஃபில்டரை முதல்முறையாக நானே கழற்றிப் பார்த்தேன். அதுவரை சர்வீஸில் என்ன செய்தார்களோ அதோடு சரி. என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். பானெட்டைத் திறந்ததும் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி தெரியும். முன்பக்கம் இரண்டு கம்பிக் கிளிப். பின்பக்கம் மூடியில் இருக்கும் மூன்று நாக்குகள் கீழ்ப்பெட்டியின் துளைகளில் நுழைந்து உட்காரும். ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவைப்படவில்லை.

வெளியே எடுத்த ஃபில்டரின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மடிப்புகளுக்குள் பூச்சி இறக்கைகள், ஒரு காய்ந்த இலைத் துண்டு, நுண்ணிய மணல். மேல்பக்கம் மட்டும் பழுப்பேறாமல் வெளுத்தே இருந்தது. இந்தப் பெட்டியில் காற்று கீழிருந்து வந்து, ஃபில்டரின் மடித்த காகிதத்தைக் கடந்து, மூடி வழியாக இன்ஜினுக்குப் போகிறது. அதனால் அடிப்பக்கம் அழுக்குப் பக்கம், மேல்பக்கம் சுத்தப் பக்கம்.

உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ என்று வைத்தால் 11 கிலோ காற்று, அதாவது சுமார் 9,000 லிட்டர். 35 லிட்டர் டேங்க் காலியாவதற்குள் மூன்று லட்சம் லிட்டர் காற்று இந்த ஒரு காகிதத்தின் வழியாகப் போயிருக்கிறது! அதன் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. ஓரத்தைப் பிடித்துத் தரையில் மெல்லத் தட்டினேன். கொட்டிய மணலைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினேன்.

39,600 கிமீ

இந்த முறை கம்ப்ரஸர் காற்று. சுத்தப் பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கித்தான் ஊத வேண்டும். மாற்றி ஊதினால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். அழுத்தத்தைக் குறைத்து, குழாயை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஊதினேன். அப்புறம் இருட்டறையில் ஃபில்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். மடிப்பு முழுக்க மங்கலான வெளிச்சம் சீராகத் தெரிந்தது. ஊசி முனை அளவுக்கு ஒரே இடத்தில் பளிச்சென்று தெரிந்தால் அங்கே கிழிசல் என்று பொருள். அப்படி எதுவும் இல்லை.

41,000 கிமீ

மறுபடி ஊதினேன். குறிப்பிட வேறொன்றும் இல்லை.

42,300 கிமீ

மறுபடியும். ஃபில்டரைச் சுத்தமாக வைத்தால் மைலேஜ் கூடும் என்று நினைத்துத்தான் இத்தனை தடவை செய்தேன். ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி, ஓட்டி, திரும்ப நிரப்பிக் கணக்கெடுத்தேன். வித்தியாசமே இல்லை.

காரணத்தைத் தேடிப் படித்தபோது புரிந்தது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் உள்ளே போகும் காற்று எவ்வளவு என்று சென்சார்கள் வழியாகக் கணித்து, அதற்கேற்ற பெட்ரோலை மட்டும்தான் கம்ப்யூட்டர் விடுகிறது. ஃபில்டர் கொஞ்சம் அடைத்திருந்தால் நம் கால் தன்னையறியாமல் ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூடுதலாக மிதிக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்விலும் இதே முடிவுதான்: இக்கால பெட்ரோல் கார்களில் அடைத்த ஃபில்டர் மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை, பிக்அப்தான் குறைந்தது. ஆக, மைலேஜுக்காக ஃபில்டரை நோண்ட வேண்டியதில்லை. அதன் வேலை தூசியைப் பிடிப்பது.

43,100 கிமீ

வேறு வேலையாகப் பானெட்டைத் திறந்தவன், ஃபில்டர் மூடியையும் ஒரு பார்வை பார்க்கலாம் என்று கழற்றினேன். மூடியின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் விரல் அகலத்துக்குப் பழுப்புக் கோடு விழுந்தது.

அது சுத்தப் பக்கம். அங்கே ஒரு துளி தூசிகூட இருக்கக் கூடாது. மூடியிலிருந்து த்ராட்டில் பாடிக்கு, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வுக்கு, போகும் ரப்பர் ஹோஸுக்குள் விரலை விட்டேன். அங்கேயும் மாவு போல ஒட்டியது. உண்மையிலேயே பயந்துவிட்டேன். மண் தூசியில் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் துகள்கள் நிறைய இருக்கும். கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் அதற்கு 7. சிலிண்டரின் இரும்பைக் கீறிவிடும். கண்ணுக்குத் தெரியும் மணலைவிட, சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள பொடிதான் ஆபத்து. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலமும் அதே அளவுதான் என்பதால், அந்தப் பொடி அங்கே நுழைந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். அப்படியே ஆயிலில் கலந்து பேரிங் வரைக்கும் போகும்.

காகிதம் கிழிந்திருக்குமோ என்று டார்ச் அடித்தேன். கிழிசல் இல்லை. ஹோஸில் வெடிப்பு இல்லை, கிளாம்பும் இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகுதான் ஃபில்டரைச் சுற்றியுள்ள ரப்பர் ஓரத்தைக் கவனித்தேன். பெட்டியின் விளிம்பு அழுத்திய தடம் மூன்று பக்கமும் ஆழமாக இருந்தது. பின்பக்க இடது மூலையில் நாலு விரல் நீளத்துக்குத் தடமே இல்லை. ஒவ்வொரு முறையும் போனில் படம் எடுத்து வைப்பேன். 42,300இல் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியின் இடது நாக்கு துளைக்குள் நுழையாமல் விளிம்பின் மேல் ஏறி நிற்கிறது. முன்கிளிப்புகள் மாட்டிவிட்டதால் மூடி சரியாக உட்கார்ந்ததாகவே தோன்றியிருக்கிறது. 800 கிமீ அந்த இடுக்கு வழியாக இன்ஜின் வடிகட்டாத காற்றை இழுத்திருக்கிறது.

ஃபில்டரை அடிக்கடி கழற்றியதால் வந்த தவறு இது. போதாததற்கு, காகிதத்தின் மேல் மெல்லியதாகப் படியும் தூசி அடுக்கே நுண்ணிய துகளைப் பிடிக்க உதவுகிறது என்பதையும் அப்போதுதான் படித்தேன். புதுக் காகிதத்தைவிட ஓரளவு ஓடிய காகிதம் நன்றாக வடிகட்டும். காற்றோட்டம் குறையாதவரை அந்த அடுக்கு இருப்பதே நல்லது. நான் 1,300 கிமீக்கு ஒருமுறை அதை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

43,110 கிமீ

அடுத்த நாள் காலை முழுக்க இதே வேலை. முதலில் பெட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்தேன். திறக்கும்போது மேலே இருக்கும் தூசி உள்ளே விழக் கூடாது. ஹோஸைத் தனியே கழற்றி, த்ராட்டில் வாயில் சுத்தமான துணியைச் சுருட்டி அடைத்தேன். அந்தத் துணியை எடுக்க மறக்காமலிருக்க அதன் ஒரு முனையை வெளியே நீளமாக விட்டேன். மூடியையும் ஹோஸையும் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டேன். மூடிக் கழுத்தில் இருக்கும் காற்று அளக்கும் சென்சார் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. அதற்குள் இருக்கும் கம்பி மிக மெல்லியது. துணி பட்டாலே போய்விடும்.

கீழ்ப்பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை உண்டு. அது மண்ணால் அடைந்திருந்தது. குச்சியால் குத்தித் திறந்தேன்.

பழைய ஃபில்டரைத் திரும்பப் போட மனம் வரவில்லை. புதியதை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து நீளம், அகலம், ரப்பர் ஓரத்தின் தடிமன் மூன்றையும் ஒப்பிட்டேன். மாட்டும் முன் ஒரு சோதனை. பெட்டி விளிம்பில் சாக்பீஸை மெல்லத் தேய்த்து, ஃபில்டரை வைத்து, மூன்று நாக்குகளையும் ஒவ்வொன்றாகத் துளைக்குள் விட்டு, விரலால் தடவி உறுதி செய்து, கிளிப்பைப் போட்டேன். திரும்பத் திறந்தபோது ரப்பரில் வெள்ளைக் கோடு எங்கும் அறுபடாமல் நாலு பக்கமும் விழுந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. சாக்பீஸ் பொடியை ஈரத்துணியால் துடைத்து, த்ராட்டில் வாயில் வைத்த துணியை எடுத்துவிட்டு மூடினேன். ஃபில்டர் ஓரத்தில் தேதியும் கிலோமீட்டரும் மார்க்கரில் எழுதியிருக்கிறேன். இன்ஜின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் கெடுவுக்கு முன்பே மாற்றினேன்.

இனி 10,000 கிமீக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது, 20,000க்கு மாற்றுவது. மண் சாலையில் நிறைய ஓடினால் அதற்கு முன்பே. இடையில் தட்டுவதும் ஊதுவதும் இல்லை.

45,000 கிமீ

கை அரிக்கத்தான் செய்தது. திறக்கவில்லை.

53,200 கிமீ

மூடியைத் தொடும் முன் ஹோஸின் த்ராட்டில் பக்கக் கிளாம்பை மட்டும் தளர்த்தி, சுற்றிலும் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணி சுற்றிய விரலை உள்ளே விட்டுச் சுழற்றினேன். துணி வெள்ளையாகவே வந்தது. அப்புறம் மூடியைக் கழற்றினேன். அடிப்பக்கம் சாம்பல் நிறம், மடிப்புக்குள் வழக்கமான பூச்சிகள். ரப்பர் ஓரத்துத் தடம் நாலு பக்கமும் ஒரே ஆழம். பூச்சிகளை மட்டும் கையால் எடுத்துப் போட்டுவிட்டு அதே ஃபில்டரை வைத்து, நாக்குகளை எண்ணி, மூன்றும் உள்ளே போனதும் கிளிப்பை மாட்டினேன். அடுத்தது 63,000இல், புது ஃபில்டர்.