முந்தின ஓனர் மாட்டின ஜன்னல், நான் அலைஞ்ச அலைச்சல்

இங்கிலாந்துல பழைய ஊர்ல வீடு வாங்கப் போறவங்க ஆஃபர் குடுக்குறதுக்கு முன்னாடி ஜன்னலைத் தட்டிப் பாருங்க. கிரேடு 2 லிஸ்டட்னு, அதாவது சட்டப் பாதுகாப்பு உள்ள பழைய கட்டிடம், அனுமதி இல்லாம மாத்தக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன், சந்தைத் தெருவுல வீடு, முன்பக்கம் அகலமா ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். அது பர்மிஷன் இல்லாம மாட்டினதுன்னு நாலு மாசம் கழிச்சு கவுன்சில் லெட்டர் வந்தப்பதான் தெரியுது. இந்த மாதிரிக் கட்டிடங்களுக்கான 1990 சட்டப்படி அது கிரிமினல் குத்தம். குத்தம் செஞ்சவர் மேலதான், ஆனா சரி பண்ணச் சொல்லி நோட்டீஸ் இப்ப ஓனரா இருக்கிறவங்களுக்குத்தான் வரும், எத்தனை வருஷம் ஆனாலும் வரும், காலக்கெடுவே கிடையாது. வக்கீலைக் கேட்டா சர்வேயரைக் கை காட்டுறார், சர்வேயர் வக்கீலை.

மொதல்ல ஓடினது டவுன் கவுன்சிலுக்கு. கிளார்க்கம்மா டீ போட்டுக் குடுத்து அரை மணி நேரம் கதை கேட்டுட்டு, "நாங்க கருத்து மட்டும்தான் சொல்வோம், முடிவு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்தான்"னாங்க. அதை வாசல்லயே சொல்லியிருக்கலாம்.

பிளாஸ்டிக்கைக் கழட்டிட்டு அதே அகலத்துல மர ஜன்னல் போடுறேன்னு டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்கிட்ட கன்சென்ட்டுக்கு, அதான் லிஸ்டட் கட்டிடத்தை மாத்துறதுக்கான அனுமதிக்கு, அப்ளை பண்ணேன் (இதுக்கு ஃபீஸ் கிடையாது, யாராவது கேட்டா ஏமாறாதீங்க). ஹெரிட்டேஜ் ஸ்டேட்மென்ட் (கட்டிடத்தோட பழமை, மாத்தினா அதுக்கு என்ன ஆகும்னு எழுதிக் குடுக்குறது) இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. 8 வாரத்துல முடிவுன்னு சொல்றதெல்லாம் பேப்பர் முழுசா இருந்தாதான், அதுவரைக்கும் கணக்கே ஆரம்பிக்காது. அதுக்கு மேல ஆபீசர் கேள்வி வேற: இது குடியிருந்த வீடுதானே, இவ்வளவு அகலமா ஜன்னல் எதுக்கு?

சரி, கடையா இருந்ததாலதான் ஜன்னல் அகலம்னு நிரூபிக்கணும். கவுன்ட்டி ரெக்கார்டு ஆபீஸுக்கு லீவு போட்டு ஒன்றரை மணி நேரம் டிரைவ். பேனாவை வெளிய வச்சுட்டு பென்சிலோட உக்காந்து, தசமபாக வரி (விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு சர்ச்சுக்குப் போன வரி) மேப்பைக் கேட்டேன், 1836 சட்டத்துக்கு அப்புறம் போட்டது, எல்லாரும் அதைத்தான் பாக்கச் சொல்வாங்க. விரிச்சா சுத்தி இருக்கிற வயலுக்கெல்லாம் நம்பர் இருக்கு, யார் நிலம், யார் உழுதாங்கன்னு பட்டியல்ல இருக்கு. என் தெரு மட்டும் மொத்தமா ஒரே கட்டம். வரி விளைச்சலுக்குத்தான், கடைத்தெருவுல என்ன விளையும்! ஊருக்கு நடுவுல வீடு இருந்தா இதுக்காகப் போய் ஒரு நாளை வீணாக்காதீங்க.

கிளம்புற நேரத்துல கெல்லி டைரக்டரியை, அதான் ஊர் ஊரா கடைக்காரங்க பேர் போட்ட பழைய புத்தகத்தை, புரட்டினதுல எங்க தெருவுல குதிரைக்குச் சேணம் தைக்கிறவர் ஒருத்தர் பேர் கிடைச்சது, வீட்டு நம்பர்தான் இல்ல. சென்சஸ்ல அவர் குடும்பத்துக்கு அடுத்த வரியிலயே மூலை பப்புக்காரர் குடும்பம். பப் இன்னைக்கும் எனக்குப் பக்கத்து வீடு. ஆபீசருக்கு அது பத்தல.

கடைசில காப்பாத்தினது லண்டன் கியூவுல இருக்கிற நேஷனல் ஆர்கைவ்ஸ், அரசாங்க ஆவணக் காப்பகம்தான். நிலத்து மேல வரி போடக் கொண்டு வந்த 1910 சட்டத்துக்காக நாடு பூரா வீடு வீடாப் போய் மதிப்பு போட்ட நோட்டுங்க அங்க இருக்கு. நேரா நோட்டைக் கேட்டா கிடைக்காது, மொதல்ல அந்த சர்வே மேப்ல உங்க வீட்டு மேல சிவப்பு மையில இருக்கிற நம்பரை எடுங்க, அப்புறம்தான் நோட்டு. நோட்டுல என் வீட்டுக்கான பக்கத்துல கோணல் கையெழுத்துல "வீடும் சேணக் கடையும்"னு இருந்துச்சு. ரீடிங் ரூம்னு கூடப் பாக்காம வாய்விட்டுச் சிரிச்சுட்டேன்.

அந்தப் பக்கத்தோட போட்டோவை வச்சு அனுப்பினேன், ஆறாவது வாரம் கன்சென்ட். கழட்டின பிளாஸ்டிக் ஜன்னல் இன்னும் தோட்டத்துல சாஞ்சு கிடக்கு, குப்பைக் கிடங்குல கொண்டு போய்ப் போடவும் ஸ்லாட் புக் பண்ணணுமாம்.