கோயில் கூரைக்கு காசு சேர்த்த கதை

எங்க பங்குல (அதாவது எங்க கத்தோலிக்க தேவாலயத்த சேர்ந்த மக்கள் சமூகத்துல) கோயில் கூரை ரிப்பேருக்கு நிதி திரட்டுனப்போ நான் நிதிக்குழுவுல இருந்தேன், இப்போ வேற பங்குக்காரங்க எப்படி பண்ணீங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதனால மொத்தமா எழுதிடுறேன்.

புது கோபுரம், புது பீடம், புது சுரூபம்னு சொன்னா காசு வர்ற வேகமே தனி. கூரை ஒழுகுதுன்னா "ஓ அப்படியா ஃபாதர்"னு கேட்டுட்டு போயிடுவாங்க. குறை சொல்லல, வாட்டர்ப்ரூஃபிங்ல யார் பேரை கல்வெட்டா வைக்கிறது? அதனால எங்க வேலை காசு கேக்குறதுல ஆரம்பிக்கல, அந்தக் கூரைய ஜனங்க கண்ணுக்கு காட்டுறதுல ஆரம்பிச்சுது.

இஞ்சினியர் ஒருத்தர கூட்டிட்டு வந்தோம். அவர் சின்ன சுத்தியலால சீலிங்க தட்டிட்டே போனாரு, நல்லா இருக்க இடத்துல கணீர்னு கேக்குது, பாடற்குழு உக்கார்ற இடத்துக்கு மேல மட்டும் பொத பொதன்னு சத்தம். அங்க பூச்ச பேத்து பாத்தா கம்பி துருப்பிடிச்சு உப்பி கான்கிரீட்ட வெளிய தள்ளிட்டிருக்கு. மேல ஏறி பாத்தா தண்ணி போற குழாய் வாய பொறாக்கூடும் சருகும் சேர்ந்து அடைச்சிருக்கு, தண்ணி தேங்கி கைப்பிடி சுவர் ஓரத்து விரிசல் வழியா இறங்குது. இதையெல்லாம் போட்டோ எடுத்து பெருசா பிரிண்ட் போட்டு கோயில் வாசல்ல ஒட்டுனோம். ஃபாதர் அஞ்சு பிரசங்கம் வச்சிருந்தாலும் அந்த துருப்பிடிச்ச கம்பி போட்டோ பண்ணின வேலைய பண்ணியிருக்காது (ஃபாதரே ஒத்துக்கிட்டாரு).

அப்புறம் பேப்பர் வேலை. பங்கு சொத்துக்கு நிர்வாகி பங்குத்தந்தைதான், ஆனா ஒவ்வொரு பங்குலயும் நிதிக்குழு கட்டாயம் இருக்கணும்னு திருச்சபை சட்டம் 537 சொல்லுது. பங்குப் பேரவை (ஃபாதருக்கு ஆலோசனை சொல்ற பங்கு மக்கள் குழு) வேற, பணத்த பாத்துக்குற நிதிக்குழு வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. வழக்கமான செலவ தாண்டின பெரிய வேலைன்னா முன்னாடியே ஆயர்கிட்ட (பிஷப்) எழுத்துல அனுமதி வாங்கணும், எது பெரிய வேலைன்னு ஒவ்வொரு மறைமாவட்டமும் (ஒரு ஆயர் பொறுப்புல இருக்க பங்குகள் எல்லாம் சேர்ந்த பகுதி) ஒரு வரம்பு வச்சிருக்கும், அத முதல்லயே கேட்டுடுங்க. நாங்க இஞ்சினியர் ரிப்போர்ட்டு, மூணு கொட்டேஷன், கையில இருக்க பணம் எவ்வளவு, மீதி எப்படி வரும் எல்லாத்தையும் சேர்த்துதான் அனுப்புனோம், அதனால திருப்பி கேள்வி ரொம்ப வரல.

இதுக்குள்ள இளைஞர் குழு பசங்க ஆர்வத்துல வாட்ஸப்ல அக்கவுண்ட் நம்பர் போட்டு வசூல ஆரம்பிச்சிட்டாங்க, அதுவும் ஒரு தம்பியோட சொந்த அக்கவுண்ட். நல்ல மனசுதான், ஆனா அப்படி தனி ஆளா கோயில் பேர்ல வசூல் பண்ணக்கூடாது, ஆயரோட எழுத்து அனுமதி வேணும்னு திருச்சபை சட்டம் 1265 இருக்கு. ஃபாதர் பசங்கள திட்டல, வந்த காச அப்படியே பங்கு கணக்குக்கு மாத்த சொல்லிட்டு அவங்களையே வீடு வீடா போய் வாக்குறுதி அட்டை குடுக்குற வேலைல போட்டுட்டாரு.

இந்த அட்டை விஷயம் முக்கியம். மொத்தமா குடுங்கன்னு கேக்காம மாசம் எவ்வளவு முடியும், எத்தனை மாசத்துக்குன்னு அவங்களயே எழுத சொன்னோம். வசதியானவங்க ஒரே செக்கா குடுத்துட்டு போனாங்க, ஆனா கடைசி வரைக்கும் தாங்குனது சின்ன தொகை எழுதினவங்கதான். எழுதுனதெல்லாம் வந்துடும்னு மட்டும் நம்பி கான்ட்ராக்டருக்கு தேதி குடுத்துடாதீங்க. எழுதுறது ஒண்ணு, வர்றது ஒண்ணு, வேலை போனவங்க இருப்பாங்க, ஊர் மாறுனவங்க இருப்பாங்க, அவங்க பேர சொல்லி ஞாபகப்படுத்துறதெல்லாம் வேணவே வேணாம். நாங்க வேலைய ரெண்டா பிரிச்சு முதல் பாதிக்கு காசு கையில வந்தப்புறம்தான் சாரம் கட்ட விட்டோம்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிஞ்சதும் வரவு செலவு நோட்டீஸ் போர்டுல, சிமெண்ட் பில்லு உட்பட. குடுத்தவங்க பேர் கிடையாது, தொகை மட்டும். இதுக்கு பேரவையில பெரிய சண்டை, பேர் போட்டாதான் அடுத்தவன் குடுப்பான்னு ஒரு குரூப்பு. போட்டா குடுக்க முடியாதவன் கோயிலுக்கு வர கூச்சப்படுவான்னு நான் சொன்னேன், இப்பவும் அதான் சொல்றேன்.

வேலை முடிஞ்சப்போ கொஞ்சம் காசு மிஞ்சுச்சு, உடனே மைக் செட்டு மாத்தலாம்னு ஒரு பேச்சு. ஆனா ஒரு நோக்கத்துக்குன்னு குடுத்த காணிக்கைய அதுக்குத்தான் செலவழிக்கணும்னு சட்டம் 1267 தெளிவா சொல்லுது. அதனால மைக்க தொடல, அந்தக் காச கூரை பராமரிப்புக்குன்னே தனி கணக்குல வச்சாச்சு. மழைக்காலத்துக்கு முன்னாடி குழாய் வாய சுத்தம் பண்றது, விரிசல் பாக்குறது, இதுக்கு ஒரு ஆள், அவருக்கு கூலி அதுலேர்ந்து போகுது. மைக் இன்னும் கொரகொரன்னுதான் இருக்கு, அதுக்கு தனியா கேக்கணும்.