மகஜரில் எழுதிய மலை

கல்வராயன் மலையின் காவல் நிலையம் ஒன்றில் வழக்குகளைப் பதிந்து எழுதும் ரைட்டராக நான் இருந்த ஆண்டுகளில் அதிகமாக எழுதியவை சாராய வழக்குகளே. ஓடைக்கரையில் புதைத்து வைத்த பேரல்களில் வெல்லமும் கடுக்காயும் போட்ட ஊறல், அதாவது சாராயம் காய்ச்சப் புளிக்க வைத்த கரைசல், நுரைத்துக் கிடக்கும். அதில் ஒரு பாட்டில் மாதிரி எடுத்துக்கொண்டு, மீதியை அங்கேயே கொட்டி அழித்துவிட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் அரக்கை உருக்கிப் பாட்டிலின் வாயில் முத்திரை வைப்போம். மழைக்காலத்தில் குச்சிகள் நமுத்துப்போய், ஒரு முத்திரைக்கே தீப்பெட்டி முழுவதும் தீர்ந்துவிடும்.

அதன்பின் பார்வை மகஜர், அதாவது இடத்தை நேரில் பார்த்துச் சாட்சிகளோடு எழுதும் அறிக்கை. சம்பவ இடத்துக்கு நான்கு எல்லையும் எழுதியாக வேண்டும். சர்வே எண் இல்லாத காட்டுக்குள் எல்லை என்று எதைச் சொல்வது? உடன் வந்த ஊர்க்காரரிடம்தான் கேட்பேன். ஒவ்வொரு ஓடைக்கும் பாறைக்கும் ஒரு பெயர் சொல்வார். பிரசவத்துக்குத் தூக்கிச் செல்லும் வழியில் இறந்துபோன ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய இறக்கம்கூட அவற்றில் உண்டு. அரசின் எந்த வரைபடத்திலும் இல்லாத அந்தப் பெயர்கள் குற்றப் பதிவேட்டில்தான் முதன்முறையாக எழுத்தில் ஏறின என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை.

சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது தென்னார்க்காட்டில் அது நடைமுறைக்கு வரவில்லை. இந்த மலையோ இரு மாவட்டங்களிலும் பரந்து கிடந்தது. பின்னர் 1971-இல் மதுக்கடைகள் திறக்கப்பட்டு 1974-இல் மீண்டும் மூடப்பட்டன. சட்டம் இப்படி மாறி மாறி வந்துகொண்டிருந்த காலத்தில், சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் (பரம்பரை நில ஆட்சிகளின்) கீழ் வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினருக்குத் தாங்கள் உழுத நிலமே கையில் உறுதியாக இல்லை. சாமையும் தினையும் விளையும் நிலத்திலிருந்து கைக்காசு பார்ப்பது அரிது. கடுக்காய் பொறுக்கி விற்றாலும் சொற்பமே கிடைக்கும். காய்ச்சியவர்களை நான் நியாயப்படுத்தவில்லை, அந்தச் சாராயம் சீரழித்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சாராயம் நிரப்பிய லாரி டியூப்பைத் தோளில் சுமந்து இறங்கிய கூலியாள்தான் எப்போதும் பிடிபட்டான். அடிவாரத்தில் மூட்டை மூட்டையாக வெல்லத்தை ஏற்றி அனுப்பியவரின் பெயரை எழுதும் வாய்ப்பு என் பேனாவுக்கு மிக அபூர்வமாகவே கிடைத்தது.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, பலரும் உடனே மலையைத்தான் கைகாட்டினார்கள். அவர்களைக் கொன்றது ஊறலில் காய்ச்சியது அல்ல. ஆலைகளில் பயன்படும் மெத்தனால். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது மலைக்கு இழைக்கும் அநீதி என்று அன்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

காலக்கெடு முடிந்த கோப்புகளை அழிக்க உத்தரவு வந்தபோது என்னால் மறுக்க இயலவில்லை. இரண்டு இரவுகள் உட்கார்ந்து, ஆள் பெயர்களை விட்டுவிட்டு, எல்லைப் பெயர்களை மட்டும் ஒரு நோட்டில் படியெடுத்தேன். ஓய்வுபெற்ற பின் அதை எடுத்துக்கொண்டு மேலே போனேன். முன்பு எங்கள் மகஜர்களில் சாட்சிக் கைநாட்டு வைத்த பெரியவர் ஒருவர், நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஓர் ஓடையின் பெயரை வாசித்ததும் கையை உயர்த்தினார். "அது ஓடையோட பேரு இல்லீங்க ரைட்டரய்யா, அந்தப் பொம்பள எங்க அத்தை. ஓடைக்கு வேற பேரு." அடித்துவிட்டு, அவர் சொன்னபடி எழுதினேன்.