அரை மில்லிமீட்டர்

மாடல் போட்டி. நடுவர் மண்டியிட்டு, கண்ணை மேசை விளிம்பு மட்டத்துக்குக் கொண்டுவந்து, சின்ன டார்ச்சை என் ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடலின் வயிற்றுக்கடியில் அடித்தார். கையால் தொடவே இல்லை.

இடது சக்கரம் தரையைத் தொடவில்லை. அரை மில்லிமீட்டர் இருக்கும்.

மூன்று மாதமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை.

1/72 அளவில் அரை மில்லிமீட்டர் என்றால் நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர். அந்தரத்தில் நிற்கும் சக்கரம். சரி, தப்பு தப்புதான்.

முதல் பரிசு பக்கத்து விமானத்துக்குப் போனது. சாதாரண பெயின்ட். என்னுடையதில் எண்ணெய்க் கறை, புகைத் தடம், உரிந்த பெயின்ட் என்று இழைத்து இழைத்துச் செய்திருந்தேன். அதெல்லாம் அப்புறம்தானாம். முதலில் இணைப்புக் கோடு, பசைக்கறை, இறக்கை இரண்டும் ஒரே கோணத்தில் இருக்கிறதா, டீகால் என்ற ஒட்டுப்படத்துக்கடியில் காற்று சிக்கி வெள்ளியாய் மின்னுகிறதா, இவைதான்.

கவச வாகன மாடல்களுக்கான ஆம்ப்ஸ் (AMPS) என்ற சங்கத்தின் போட்டிகளில் முறையே வேறு. ஒவ்வொரு மாடலையும் ஒரு தர அளவுகோலோடு ஒப்பிட்டுத் தங்கம், வெள்ளி, வெண்கலம் தருவார்கள். பக்கத்தில் யாருடையது இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. தோற்றவன் சொல்கிறேன், கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் கலைந்த பிறகு போன் டார்ச்சோடு ஜெயித்த விமானத்துக்கு அடியில் நானும் குனிந்தேன்.

ஐந்து நிமிடம் தேடினேன்.

ஒன்றும் சிக்கவில்லை.