கிடாரைக் காணோம்

சனிக்கிழமை மதியம் நாற்பது நிமிடம் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கிடாரின் வால்யூம் குமிழைச் சுண்டுவிரலால் மெல்ல மெல்லத் திருகி. எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. மனசு மட்டும் நிறைந்து கிடந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன். மகான்கள் அப்படித்தான்.

ராத்திரி லேப்டாப்பில் பதிவைப் போட்டுக் கேட்டால் கிடாரைக் காணோம்.

எனக்கு வருஷத்துக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். போன வருஷம் மாடித்தோட்டம். இந்த வருஷம் ஆம்பியன்ட் இசை. தாளம் கிடையாது, பல்லவி கிடையாது. ஒரு சுரத்தைத் தட்டிவிட்டால் டிலே அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லும், ரிவெர்ப் அதைப் புகை மாதிரி பரப்பும், லூப்பர் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டே இருக்கும். இருபது வருஷமாக எஃப் கார்டை ஒழுங்காகப் பிடிக்க வராத விரல்களுக்கு இதைவிட மரியாதையான வேலை உலகத்தில் இல்லை. மூன்று சுரம் தெரிந்தால் அரை மணி நேரம் ஓட்டலாம். கட்சிப் பேச்சாளர்கள் ரொம்ப நாளாகச் செய்வதுதான்.

1975-ல் இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோ விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தார். பார்க்க வந்த தோழி ஒரு ஹார்ப் இசைத்தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். தட்டைச் சுழலவிட்டுப் படுத்த பிறகுதான் சத்தம் ரொம்பக் குறைவு என்று தெரிந்தது. எழுந்து கூட்டத் தெம்பில்லை. வெளியே பெய்த மழையோடு சேர்த்தே கேட்டார். அப்படித்தான் இந்த ஆம்பியன்ட் யோசனை பிடிபட்டதாம். 1978-ல் விமான நிலையங்களுக்கென்றே ஓர் ஆல்பமும் போட்டார். பெங்களூரில் பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் முருகேஷ்பாளையாவில் நிலைமை தலைகீழ். இங்கே விமான நிலையம்தான் நமக்கு வாசித்துக் காட்டும். 2008-ல் பயணிகள் விமானமெல்லாம் தேவனஹள்ளி புது நிலையத்துக்குப் போனதும் நிம்மதி என்று நினைத்தோம். விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல். சோதனைக்கு விடும் ஜெட்டுகள் போகவில்லையே. ஒன்று கிளம்பினால் ஜன்னல் கண்ணாடி, எவர்சில்வர் தட்டு, என் பொறுமை மூன்றும் ஒரே சுருதியில் அதிரும்.

சுருதி என்றதும் அந்த இரைச்சல் கதையைச் சொல்லியாக வேண்டும். கிடார் சத்தத்தை இப்படியெல்லாம் மாற்றித் தரும், காலால் மிதிக்கும் பெட்டிக்குப் பெயர் பெடல். அதற்கு 9 வோல்ட் அடாப்டர் தேவைப்பட்டது. நடு முனை நெகட்டிவாக இருக்க வேண்டும். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்று இல்லை. இரண்டாவது அடாப்டர் வாங்கி மாட்டினேன், உயிர் வந்தது. கூடவே ஓர் "உம்ம்ம்"மும் வந்தது. அது மின்சாரத்தின் இரைச்சல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு ஐம்பது அதிர்வு. அதன் இரட்டிப்பான 100 இன்னும் தெளிவாகக் கேட்கும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளுக்குப் பிக்கப் என்று பெயர். என் கிடாரிலிருப்பது சிங்கிள் காயில் பிக்கப், இந்த மாதிரி விஷயங்களை வாயைப் பிளந்துகொண்டு வாங்கிக்கொள்ளும் ஜாதி.

அம்மா காதைச் சாய்த்துக் கேட்டாள். "அஞ்சு கட்டையைத் தாண்டிடுச்சு, அஞ்சரைக்கு எட்டலை" என்றாள். சுருதி காட்டும் ட்யூனரில் பார்த்தேன். ஜி-க்கும் (அம்மாவின் அஞ்சு கட்டை) ஜி ஷார்ப்புக்கும் (அஞ்சரை) நடுவே முள் திண்டாடிக்கொண்டிருந்தது. பத்து நாள் யூடியூப் பார்த்து நான் கண்டுபிடிக்காததை அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

கிடாரைத் தூக்கிக்கொண்டு ஹாலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பால்கனியைப் பார்த்து உட்கார்ந்தால் இரைச்சல் குறைகிறது, பூஜை அலமாரியைப் பார்த்தால் கூடுகிறது. சாமி குத்தம் இல்லை, அலமாரிக்குக் கீழே யுபிஎஸ் இருக்கிறது. கிடாருக்கும் வாஸ்து உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. அதிலிருந்து சாமிக்கு முதுகைக் காட்டித்தான் வாசிக்கிறேன். அம்மாவுக்கு அதில் ஒரு வருத்தம்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். நடந்தது இதுதான். கிடாரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸில் ஹெட்போனைச் செருகியிருந்தேன். அது கிடாரை நேராக என் காதுக்குக் கொடுத்துவிட்டது. லேப்டாப்பில் இன்புட் எது என்று பார்க்கவில்லை. அது தன் சொந்த மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் எங்கள் வீட்டைப் பதிவு செய்திருக்கிறது. போதாததற்கு அந்த டிராக்கில் எட்டு வினாடி ரிவெர்ப் வேறு போட்டு வைத்திருந்தேன்.

என் தெய்வீக வாசிப்பு, டிபன் பாக்ஸில் ரப்பர் பேண்டைக் கட்டி இழுத்த மாதிரி எங்கேயோ மூலையில் 'டிக் டிக்' என்றது. ஆனால் குக்கர்! முதல் விசில், மலைப்பாதையில் ரயில் வருகிற மாதிரி. இரண்டாவது, மார்கழிக் காலையில் ஊதும் சங்கு. மூன்றாவது விசிலுக்குள் பழைய பேப்பர்காரரின் ஒலிபெருக்கி வந்து கலக்கிறது பாருங்கள், காசு கொடுத்தாலும் அப்படி அமையாது. என் மனைவி சின்னவளை "ஹோம்வொர்க் எங்கடி" என்று அதட்டியது, தேவாலயத்துக்குள் அசரீரி.

இருபத்தாறாவது நிமிடத்தில் அம்மா போனில் வருகிறாள். அந்தப் பக்கம் கோலார் தங்கவயல் பெரியம்மா. அவள் பேசுவது கேட்கவில்லை. என்ன கேட்டிருப்பாள் என்று எனக்கே தெரியும்.

"இவன்தான்க்கா... ஆமா, அதே சத்தம்தான்... இல்லக்கா, வாசிக்கலை. மூணு மாசமா சுருதி சேர்த்துக்கிட்டிருக்கான். கம்பி வாத்தியம்னா அப்படித்தானே, லேசுல சேருமா? இங்க ஃபிளைட்டு வேற... ஆபீஸ்லேருந்து வந்து, சாப்பிட்டும் சாப்பிடாம உக்காந்துடறான். சேர்ந்துடுச்சுன்னா ரொம்ப நல்லா வாசிப்பான்க்கா, நீ வேணா பாரு..."

பாரூஊஊஊ என்று எட்டு வினாடி.

நேற்று சாயங்காலம் காபியைக் கொண்டுவந்து பெடலுக்குப் பக்கத்தில் வைத்தாள். "என்னடா, சேர்ந்துச்சா?"

"இன்னும் கொஞ்சம்தாம்மா" என்றேன்.