அப்பாயி முடிந்துவைத்த காணிக்கை

வேளாங்கண்ணித் தாயே, உமக்கு நன்றி. 11 வருடக் கடன் இந்த ஆகஸ்டில் தீர்ந்தது. மற்றதெல்லாம் அப்புறம்.

என் மகள் பாப்பா எட்டாம் மாதம் தொடங்குவதற்குள் பிறந்துவிட்டாள். எடை 1,400 கிராம். 23 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். நாங்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். என் அம்மா, பாப்பாவின் அப்பாயி, மட்டும் ஆஸ்பத்திரி படிக்கட்டில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டே இருந்தார். மஞ்சள் துணிக் கிழிசலில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை முடிந்து, "தாயே, இவ பொழச்சு எழுந்து நடந்தா, உன் பாதத்துக்கு இவளை நடத்தியே கூட்டிட்டு வர்றேன்" என்று நேர்ந்துகொண்டார். பாப்பா பிழைத்தாள், நடந்தாள், ஓடினாள். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஏதாவது தடை. போன வருடம் அம்மாவே போய்விட்டார். பீரோவில் அவர் சேலைக்கடியில் அந்த முடிச்சு அப்படியே இருந்தது.

இன்னொரு விஷயமும் மனதை அரித்துக்கொண்டிருந்தது. பாப்பா ஆறாம் வகுப்புக்குப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் சண்டைதான். "அப்பா, எல்லா வாரமும் அதே பூசைதானே? அதே பாட்டு, அதே உட்காருங்க, அதே எழுந்திரிங்க. எதுக்குப் போகணும்?" புதுநன்மைக்கு, முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, மனப்பாடம் செய்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். திருப்பலியின், அதாவது பூசையின், பகுதிகளைக் கேட்டால் வரிசையாக ஒப்பிப்பாள். ஆனால் அதற்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. நான் என்ன சொன்னேன்? "போகணும்னா போகணும்." என் அப்பா என்னிடம் சொன்னதும் அதுதான். கேள்வி கேட்கும் வயதில் பிள்ளையின் வாயை அடைப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது புரிகிறது. கோவிலுக்கு வந்தும் பிரசங்க நேரத்தில் வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பூசையை எடைபோடுகிறார்கள். நானும் சில வருடம் அந்த மரத்தடியில் நின்றவன்தான். மாதா மன்னிக்கட்டும்.

எங்கள் பங்குக் கோவிலிலிருந்து, திருச்சியில் தொடங்கி வேளாங்கண்ணிக்கு நடக்கும் குழு ஒன்று உண்டு. பிள்ளையால் அவ்வளவு தூரம் முடியாது என்று, நானும் மனைவியும் பாப்பாவும் காவி உடுத்தி, திருவாரூரில் அவர்களோடு சேர்ந்துகொண்டோம். சிறு சப்பரத்தில் மாதா, அதன் பின்னால் கொடி, நாற்பது பேர். அதிகாலை 3 மணிக்கு "மரியே வாழ்க" சொல்லிக் கிளம்பினோம்.

கீழ்வேளூர் வரை பாப்பா முன்னால் ஓடினாள். மதியம் ஒரு மண்டபத்தில் படுத்து எழுந்து மறுபடி நடந்தபோதுதான் காலில் கொப்புளம் கிளம்பியது. வலது குதிகாலில் ஒன்று, கட்டைவிரலடியில் ஒன்று. தார்ச்சாலையின் சூடு இறங்கவே இல்லை. சிக்கலுக்குள் நுழையும்போது ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, ஆனால் உதடு நடுங்கியது. சப்பரம் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பாட்டி இறங்கி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. கையில் ஒரு சொம்பு மோர். இஞ்சி தட்டிப்போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப்போட்டது. "மாதாவுக்குப் போறீங்களா? குடி தங்கம். எங்க சிங்காரவேலன் ஊரைத் தாண்டி தாகத்தோட போகக்கூடாது" என்றார். பாப்பாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, விளக்கெண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினார். நான் காசு எடுத்ததும் கையைத் தட்டிவிட்டார். "போற எடத்துல எங்களையும் நெனச்சுக்கங்க, அது போதும்." அவ்வளவுதான். பெயர்கூடக் கேட்கவில்லை. வேளாங்கண்ணி நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான பையனிடம் தாய் தன் பிள்ளைக்கு மோர் கேட்டு வாங்கிய கதை எங்களுக்கெல்லாம் பால்குடியிலிருந்தே தெரியும். அந்தத் தாயே சொம்பைத் திருப்பிக் கொடுத்தனுப்பியதுபோல இருந்தது எனக்கு.

அன்றிரவு நாகப்பட்டினத்தில் தங்கல். மறுநாள் வெயில் தாழ்ந்து 4 மணிக்கு மேல்தான் கிளம்பினோம். மீதி 11 கிலோமீட்டர் சொச்சம். எங்கள் குழுவில் மறைக்கல்வி எடுக்கும் ஒரு சிஸ்டர் வந்திருந்தார். பாப்பா நொண்டுவதைப் பார்த்து அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். இவள் சும்மா இல்லை, "பூசைக்கு எதுக்குப் போகணும்" என்ற அந்தக் கேள்வியை அவரிடமே போட்டுவிட்டாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சிஸ்டர் கோபப்படவில்லை.

"இயேசு இறந்தப்புறம் அவர் சீடர்கள் ரெண்டு பேர் எம்மாவுங்கிற ஊருக்கு நடந்தாங்களே, தெரியுமா? எருசலேம்ல இருந்து அது எவ்வளவு தூரம்னு சொல்லு."

"தெரியல சிஸ்டர்."

"நம்ம பைபிள்ல ஏறத்தாழ 11 கிலோமீட்டர்னு போட்டிருக்கு. இப்ப நீ நடக்கிற தூரம்தான்."

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். சிஸ்டர் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த இரண்டு பேரும் மனமொடிந்து, பேசி விவாதித்துக்கொண்டு நடக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்கிறார். உயிர்த்தெழுந்த இயேசுதான், ஆனால் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. முதலில் என்ன செய்கிறார்? "என்ன பேசிட்டு வர்றீங்க"ன்னு கேட்கிறார். அவர்கள் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுகிறார்கள். "பூசை தொடக்கத்துல நாம நம்ம குறையை ஒத்துக்கிறோமே, அது அந்த இடம்." அப்புறம் மறைநூலை எடுத்து விளக்குகிறார். "வாசகமும் பிரசங்கமும்." பொழுது சாய்கிறது. போகாதீங்க, எங்களோடு தங்குங்க என்று கையைப் பிடிக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்து அப்பத்தை எடுத்து, ஆசீர்வதித்து, பிட்டுக் கொடுக்கிறார். அப்போதுதான் கண் திறக்கிறது. "எழுந்தேற்றத்துல, சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டி மணி அடிக்கும்போது நீ தலை குனியிறியே, அந்தப் பந்திதான் அது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன பண்ணாங்கன்னு நீயே சொல்லேன்."

கொஞ்ச தூரம் யோசித்தே நடந்தாள். "திரும்பி ஓடினாங்க. ராத்திரியோட ராத்திரியா."

"சென்று வாருங்கள்னு சாமியார் சொல்றாரே, அதுக்கு அர்த்தம் அதுதாம்மா. பூசை முடிஞ்சிடுச்சு, வீட்டுக்குப் போய்ப் படுன்னு இல்ல."

இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டு வந்தது. கடல் காற்று முகத்தில் பட ஆரம்பித்தது. சிஸ்டர் இன்னொன்றும் சொன்னார். கி.பி. 155 வாக்கில் உரோமையில் இருந்த புனித யுஸ்தீன், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்னதான் செய்கிறார்கள் என்று பேரரசருக்கே எழுதிவைத்திருக்கிறார். நகரத்தில் இருப்பவர்களும் நாட்டுப்புறத்தில் இருப்பவர்களும் ஓரிடத்தில் கூடுவது, திருத்தூதர்கள் எழுதியதை வாசிப்பது, தலைவர் எடுத்துச் சொல்வது, எல்லாரும் எழுந்து மன்றாடுவது, அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுவருவது, இருப்பவர்கள் கொடுப்பதை அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் கொடுப்பது, வர முடியாதவர்களுக்கு நற்கருணை என்னும் அந்த அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது. பாப்பா டக்கென்று சொன்னாள்: "எங்க அப்பாயிக்கு மாசத்து முதல் வெள்ளிக்கு ஃபாதர் வீட்டுக்கே கொண்டு வருவாரு. நான்தான் மெழுகுதிரி ஏத்துவேன்." சிஸ்டர் அவள் தலையில் கை வைத்தார். எனக்கு அதற்கு மேல் நடை கூடவில்லை, சற்றுப் பின்தங்கிக்கொண்டேன்.

கோபுரங்களின் விளக்கு தெரிந்ததும் நாற்பது பேரும் "மரியே வாழ்க" என்று கத்தியது கடல்வரை கேட்டிருக்கும்.

ஊருக்குள் போனால் வேறு பாடு. ரூம் ரூம் என்று கையைப் பிடித்து இழுப்பவர்கள், மற்ற நாளில் கேட்பதைப்போல் மூன்று மடங்கு கேட்பவர்கள், வேண்டாம் என்றாலும் மெழுகுதிரியையும் தென்னங்கன்றையும் கையில் திணிப்பவர்கள். நேர்ந்துகொண்டு பசியோடு நடந்து வரும் ஏழைகளிடம் இப்படிப் பிடுங்குவது நெஞ்சு பொறுக்கவில்லை. கடைசியில் கூட்டத்தோடு கூட்டமாக வெட்டவெளியில் பாயை விரித்துப் படுத்தோம். அதுதான் நல்ல தூக்கம்.

29ஆம் தேதி காலை. சாயங்காலம் திருவிழாக் கொடியேற்றம் என்பதால் விடியும் முன்பே நெரிசல். என் மனைவி நடுத்திட்டு மணற்பாதையில் முழங்காலிட்டு நகர்ந்து தன் வேண்டுதலை முடித்தாள். சுனாமியில் இறந்தவர்களின் நினைவிடத்துக்குப் பாப்பாவை அழைத்துப்போனேன். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை காண வந்த எத்தனையோ பேரைக் கடற்கரையிலேயே அலை கொண்டுபோன காலை. அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஒன்றும் பேசாமல் நின்றாள்.

தமிழ்ப் பூசைக்குக் காத்திருந்தபோது மலையாளப் பூசை நடந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை புரியாத இவள் என் காதில் கிசுகிசுத்தாள்: "இப்ப நற்செய்தி... இப்ப மன்றாட்டு... இப்ப காணிக்கை." ஒவ்வொன்றும் சரி. "எல்லாம் அதேதான்பா!" வீட்டில் குறையாகச் சொன்ன அதே சொல், ஆனால் குரல் வேறு. என் அம்மா சிறுமியாக இருந்தபோது பூசை இலத்தீனில்தான். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முடிவுப்படி, 1960களில்தான் தமிழில் வந்தது. அதற்கு முன்னாலும் மணியோசையை வைத்தே இடம் கண்டுபிடித்து முழந்தாளிடுவார்களாம். அதைச் சொன்னேன். "அப்பாயியும் என்னை மாதிரியா?" என்று சிரித்தாள்.

தமிழ்ப் பூசை தொடங்கியது. பீடத்தில் பட்டுடுத்தி, முடி சூடி, கையில் பிள்ளையோடு தாய். காணிக்கை நேரத்தில் பாப்பா பையிலிருந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்தாள். 11 வருட முடிச்சு, நகத்தால் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். நாணயம் கறுத்துப்போயிருந்தது. பாவாடையில் துடைத்துவிட்டு, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காணிக்கைப் பை வந்ததும் மெதுவாக உள்ளே விட்டாள். துணியை மட்டும் மடித்து வைத்துக்கொண்டாள்.

எழுந்தேற்றம் முடிந்தது. குருவானவர் தொடர்ந்து செபிக்கிறார். உயிர்த்தெழும் நம்பிக்கையோடு துயில்கொள்கிறவர்களை நினைத்தருளும் என்று வேண்டும் இடம் வந்தது. வழக்கமாக எல்லோரும் கால் மாற்றி நிற்கும் நேரம் அது. பாப்பா என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, இது இன்னைக்கு அப்பாயிக்காகவா?"

"அப்பாயிக்காகவும். இறந்த எல்லாருக்காகவும்."

"நம்ம ஊர்ப் பூசையில இது வருமா?"

"வரும் கண்ணு."

"எல்லாப் பூசையிலயுமா? ஒன்னுலகூட விட மாட்டாங்களா?"

"ஒன்னுலகூட விட மாட்டாங்க."

பாப்பா திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தாள். அந்த மஞ்சள் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இடித்துக்கொண்டிருந்த கூட்டமும், முன்னால் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தவரும் எனக்கு எங்கேயோ போய்விட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் என் சுண்டுவிரலைப் பிடித்த கை, இப்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தாயே, நான் என்ன கைம்மாறு செய்வேன்? 1,400 கிராமைக் காப்பாற்றிக் கொடுத்தீர். நான் சொல்லத் தெரியாமல் விட்டதை, கொப்புளம் வைத்து, மோர் கொடுத்து, வழித்துணைக்கு ஆள் அனுப்பி, நீரே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தீர். அப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இவள் "ஆமென்" என்றது எனக்குத் தனியாகக் கேட்டது. என் அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

கொடியேற்றத்தைப் பார்த்தோம், மொட்டை போட்டோம், நள்ளிரவு பஸ்ஸில் ஏறினோம். அந்த நெரிசலை விவரித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு காலை அவளை எழுப்பப் போனேன். எழுந்து, வேட்டித் துணிக் கட்டு இன்னும் அவிழ்க்காத காலோடு மேசையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். மன்றாட்டுக்குக் கொடுக்கும் சீட்டு. முதல் வரியில் அப்பாயி பெயர். அதற்குக் கீழே, "சிக்கல் ஊரில் எனக்கு மோர் கொடுத்த பாட்டிக்காக."